வட்டம் போட்ட அலமாரி

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்தையும் உன் வீட்டார் சௌக்கியத்தையும் அறிய விரும்புகிறேன் என்று தொடங்குவது முறை, தொடங்கிவிட்டேன். எழுத்தெல்லாம் கட்டெறும்பு ஊர்வது மாதிரி பெரிது பெரிதாக இருக்கிறதே, அத்தானுக்கு என்ன ஆயிற்று என்று பதற வேண்டாம். கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். கண்ணாடி தொலையவில்லை, உடையவும் இல்லை. அலமாரியின் முதல் டிராயருக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த டிராயரைத்தான் இப்போது யாராலும் திறக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் 'ஹலோ' என்றதும் உன் அக்கா போனைப் பிடுங்கி அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவாள், அதற்கப்புறம் என் பக்கத்தைக் கேட்க உனக்குக் காதும் இருக்காது, பொழுதும் இருக்காது. நீ எனக்கு நெருங்கினவன்தான், ஆனால் அவளுக்குத் தம்பி.

உன் மருமகள், அதாவது என் சீமந்த புத்திரி, ஆபீஸில் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். எதற்கு லீவு என்று கேட்டபோது நான் உன்னிடம் மழுப்பினேன். இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது? நம் வீட்டுக் கார் ஷெட்டில் இப்போது கார் இல்லை. பழைய மர சாமான்கள் இருக்கின்றன. கால் ஆடும் நாற்காலி, கதவு கழன்ற பீரோ, எவனோ வேண்டாம் என்று தள்ளிய முக்காலி எல்லாவற்றையும் பழைய சாமான் கடையிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கழுவி, தேய்த்து, பெயின்ட் அடித்து, புதுத் தோற்றம் கொடுத்து விற்கப் போகிறாளாம். ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒட்டடை அடிக்கிறாயே, இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்று நான் கேட்டது உண்மை. ஒரு தடவை இல்லை, சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாப்பா?" என்பாள். அதுதான் பதில்.

அப்படி இருக்கையில் ஒரு பல் டாக்டரம்மா வந்தார். புது ஆஸ்பத்திரி திறக்கப் போகிறார். பல் வலியோடு வருகிறவர்கள் ஆஸ்பத்திரி என்று பயப்படாமல், யாரோ தெரிந்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார வேண்டும், அதற்கு எல்லாம் பழைய சாமானாக, ஆண்டு அனுபவித்த சாமானாக இருக்க வேண்டும் என்றார். முதலில் மூன்று டிராயர் வைத்த ஓர் அலமாரியைச் செய்து காட்டு, பிடித்தால் வரவேற்பறை முழுவதையும் உன்னிடமே விடுகிறேன் என்றார். உன் மருமகளுக்கு லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. டாக்டரம்மா சரி என்றால் ஆபீஸுக்கு ராஜினாமா, வேண்டாம் என்றால் மறுபடியும் ஏசி ரூம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. உன் அக்காவிடம் சொன்னதை நான் ஹாலில் பேப்பர் படிக்கிற பாவனையில் கேட்டுக்கொண்டேன்.

இப்போது என் தரப்பை நீ புரிந்துகொள்ள வேண்டும். நான் யார்? பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில், பெயின்ட் பிரிவில், வேலையில் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆன நாள் வரை சோதனை பார்த்தவன். பெயின்ட் அடித்து முடித்த பஸ்ஸைச் சுற்றி வருவேன். எங்கே ஒரு கொப்புளம், எங்கே ஒரு கீறல், எங்கே பெயின்ட் வழிந்திருக்கிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட பஸ் திரும்பிப் போகும். என் தலை தெரிந்தாலே "வட்டம் வருது, வட்டம் வருது" என்று பெயின்டர்கள் பீடியை அணைப்பார்கள். ரிட்டயர் ஆகி வந்த பிறகும் சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்கட்டி இல்லாவிட்டால் வேட்டி இல்லாத மாதிரி இருக்கிறது. உன் வீட்டுக்கு வந்தபோது உன் கதவில் நான் போட்ட வட்டங்களை நீ மறந்திருக்க மாட்டாய்.

அலமாரிக்கு அவள் இளம்பச்சை அடித்தாள். வழவழப்பு இல்லாத பெயின்ட், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக இருந்தது. சரி, அவள் இஷ்டம் என்று விட்டேன். காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்தாள் பார்! மூலை, விளிம்பு, டிராயரின் ஓரம் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்து, அடித்த பெயின்டைத் தானே சுரண்டி எடுத்தாள். அடியில் இருந்த பழுப்பு மரம் அங்கங்கே பல்லை இளித்தது. முன்கூட்டியே அந்த இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்திருக்கிறாளாம், பெயின்ட் பிடிக்காமல் இருக்க! பெயின்ட் பிடிக்க வேண்டும் என்று உலகமே பாடுபடுகிறது, பிடிக்காமல் இருக்க மெழுகு தேய்த்தவளை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் காபி குடிக்க உள்ளே போன நேரத்தில், நான் ஒன்றும் செய்யவில்லை, கை தானாகப் போய் உரிந்த இடங்களில் எல்லாம் வட்டம் போட்டுவிட்டது. அலமாரிக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அவள் வந்து பார்த்தாள். திட்டவில்லை. ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தாள்.

"அப்பா, இது அப்படித்தான் இருக்கணும்."

"எப்படி? உரிஞ்சா?"

"ஆமா. பழசாத் தெரியணும்."

"பழசாத் தெரியணும்னா எதுக்கும்மா பெயின்ட் அடிச்சே? அது கடையில வாங்கும்போதே பழசாத்தானே இருந்துச்சு?"

அவள் சிரித்துவிட்டு "ரசம் ஊத்தட்டுமாப்பா?" என்கிற அதே குரலில் "நீங்க போய்ப் பேப்பர் படிங்கப்பா" என்றாள். நான் போனேன். ஆனால் எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? பாவம், குழந்தைக்குப் பெயின்ட் சரியாக வரவில்லை. அப்பனிடம் போய்க் கேட்க வெட்கம். 'உரிய வேண்டும் என்றுதான் உரிய விட்டேன்' என்று சமாளிக்கிறாள். என்னிடம் எத்தனை பெயின்டர்கள் இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள்!

முந்தாநாள் காலையில் அம்மாவும் பெண்ணும் டிராயருக்குக் கைப்பிடி வாங்க வெளியூருக்குக் கிளம்பினார்கள், மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். போகும்போது அவள் என்னைத்தான் காவல் வைத்தாள். "அப்பா, யாரும் இதைத் தொடாமப் பாத்துக்கோங்க. பூனை வந்தாலும் விரட்டிடுங்க" என்றாள். நானும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூனை வரவில்லை. வந்திருந்தால் அதை விரட்டுவதிலாவது பொழுது போயிருக்கும். சும்மா உட்கார்ந்து அந்த உரிந்த மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேனா, டாக்டரம்மா வந்து பார்த்து, "என்னம்மா இது, வேலை தெரியாதவங்க செஞ்ச மாதிரி இருக்கே" என்று சொல்வதும், இவள் முகம் சுருங்குவதும் என் கண் முன்னால் அப்படியே ஓடியது. வேலைக்குத் திரும்பிப் போ என்று நான் சொன்னவன்தான். ஆனால் ஒரு டாக்டரம்மா சொல்லி என் பெண் திரும்பிப் போவதா? மூலையை மட்டும் ஒரு தொடு தொட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

பெயின்ட் தெறிக்கக் கூடாது என்று கண்ணாடியைக் கழற்றி முதல் டிராயருக்குள் வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். மூலையில் அவளுடைய இளம்பச்சையைத் தொட்டேன். தொட்ட இடம் ஒரு நிறம், தொடாத இடம் ஒரு நிறம். சரி, அந்தப் பக்கம் முழுவதும் அடித்துவிட்டால் ஒன்றாகிவிடும் என்று அடித்தேன். பாதியில் அவளுடைய பெயின்ட் தீர்ந்துபோயிற்று. தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் டப்பாவின் மூடியைப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட இதேதான் சார், இன்னும் நல்லாப் பளபளப்பா வரும்" என்று ஓர் எனாமல் டப்பாவைக் கொடுத்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே அதேதான். ஒரு கோட்டு, அது காய்ந்ததும் இன்னொரு கோட்டு. அந்தப் பளபளப்பு இருக்கிறதே மாப்பிள்ளை, அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அப்புறம் டிராயர்களைச் சுற்றி விரல் நுழைகிற சந்து இருப்பதைக் கவனித்தேன். பஸ்ஸில் சந்து இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், விடக்கூடாது. பட்டி வைத்து மூன்று டிராயரின் சந்தையும் அடைத்து, வழித்து, தேய்த்து, மேலே இன்னொரு கோட்டும் கொடுத்தேன். இப்போது ஒரு சொட்டு மழை உள்ளே போகாது. கையும் போகாது.

அதோடு விட்டிருக்கலாம். பச்சையாக மொழுக்கென்று நிற்கிறதே, இடுப்பில் ஒரு பட்டை இல்லாமல் எந்த பஸ் ரோட்டுக்கு வந்திருக்கிறது என்று தோன்ற, ரிட்டயர் ஆன அன்று பெயின்டர்கள் ஞாபகத்துக்குக் கொடுத்த மஞ்சள் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, நடுவில் நேராக ஒரு பட்டை இழுத்தேன். கை நடுங்காமல் இழுத்தேன். 'படியில் நின்று பயணம் செய்யாதீர்கள்' என்று எழுதியதாக உன் அக்கா சொன்னால் நம்பாதே. எழுதத் தோன்றியது, ஆனால் எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தார்கள். உன் அக்கா கையிலிருந்த பை கீழே விழுந்து புதுக் கைப்பிடிகள் எல்லாம் ஷெட்டில் உருண்டன. "ஐயோ, ஐயோ, உங்க கை சும்மாவே இருக்காதா? காவல் இருங்கன்னா காலி பண்ணிட்டீங்களே!" என்று ஆரம்பித்தாள். அவள் கத்தியது எனக்குப் பழக்கம்தான். உன் மருமகள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள். கடைசியில், "நல்லா அடிச்சிருக்கீங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அதற்கப்புறம் உன் அக்கா கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவ மறுபடி ஆபீஸ் போகணும்னுதானே இப்படிப் பண்ணீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க" என்றாள். நெஞ்சைத் தொட்டேன், சட்டையில் பச்சை ஒட்டிக்கொண்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னேன். உள்ளறையில் பெண் இருந்தாள், கதவு பாதி திறந்திருந்தது, நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். கதவு அப்படியே இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதையே சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்டியவன் இன்றைக்கு 'இல்லை' என்றால் யார்தான் நம்புவார்கள்? நானே அவள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன் மாப்பிள்ளை. என் பெண் என்னை அப்படி நினைத்துவிட்டாள் என்றால் எனக்கு இந்த வீட்டில் இருக்க முகம் இல்லை.

டாக்டரம்மா நாளை மறுநாள் காலை வருகிறார். நான் மாடி ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே ஷெட்டிலிருந்து உப்புத்தாள் சத்தம் நிற்காமல் கேட்கிறது. என்னுடைய எனாமலை அவள் ஒருத்தியாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அது லேசில் வராது, நான் அடித்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். எனக்கு உன் வீட்டில் ஒரு ரூம், ரூம் இல்லாவிட்டால் ஒரு மூலை கொடு. உன் அக்காவுக்குக் கோபம் ஆறும்வரை அங்கே இருந்துகொள்கிறேன். உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. இனி என் ஆயுசில் பிரஷ்ஷைத் தொடமாட்டேன். சாக்கட்டிப் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டாயிற்று. நீ ஆசை ஆசையாகப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிற சாப்பாட்டு மேஜைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கமாட்டேன். பெண்ணுடைய தொழிலில் தகப்பன் தலையிடக் கூடாது என்பதை நான் காலம் கடந்து தெரிந்துகொண்டேன், நீ உன் பிள்ளைகள் விஷயத்தில் இப்போதே தெரிந்துகொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசி, அவர்கள் எடுத்த காரியம் எல்லாம் யாரும் குறுக்கே வராமல் நடக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம். பதிலை உன் அக்கா பேருக்குப் போடாமல் என் பேருக்கே போடவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: எழுத்து சிறிதாகிவிட்டதை நீ கவனித்திருப்பாய். ஆமாம், கண்ணாடி வந்துவிட்டது. மேலே எழுதியதைத் தபாலில் போட வாசலைத் தாண்ட வேண்டும், வாசலில் உன் அக்கா உட்கார்ந்திருந்தாள், அதனால் கடிதம் என் பையிலேயே தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் யாரோ மாடி ரூம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் உன் மருமகள், தலையெல்லாம் பச்சைத் தூள். என் கண்ணாடியை நீட்டினாள். டிராயரைக் கத்தி வைத்து நெம்பித் திறந்திருக்கிறாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். பட்டறையில நீங்க எதுக்கெல்லாம் வட்டம் போடுவீங்க?"

எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமலே சொன்னேன். கொப்புளம், வழிசல், கீறல், உரிசல், எல்லாவற்றுக்கும் மேல் வெடிப்பு. ஒரு புதுப் பெயின்டர் பாதி காய்ந்த பசைமேல் பெயின்ட் அடித்து, ஒரு பஸ்ஸின் பக்கம் முழுக்க வற்றிய குளம் மாதிரி வெடித்ததையும், அதற்கு நான் பஸ் அளவுக்கே ஒரு வட்டம் போட்டதையும் சொன்னேன். அவள் கண் பளிச்சென்றது.

"பசை எவ்வளவு காஞ்சிருக்கணும்?"

"அது எதுக்கும்மா உனக்கு? வெடிக்காம இருக்கணும்னா நல்லாக் காயணும்."

"வெடிக்கணும்ப்பா. வேணும்னே வெடிக்க வைக்கணும். எனக்கு அது வரமாட்டேங்குது. உங்களுக்குத்தான் தெரியும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் ஏன் கெடும், எப்படிக் கெடும், எந்த வெயிலில் கெடும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் படிக்கவில்லையே! பெயின்ட் கெடாமல் இருக்கத்தான் அதெல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். கெடுப்பதற்காக என்னை ஒருத்தர் கூப்பிடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. வாய் வரை வந்ததைக் கேட்டுவிட்டேன். "அம்மா சொன்ன மாதிரி நான் வேணும்னே பண்ணேன்னு நினைச்சியாம்மா?"

அவள் என் சட்டையில் இருந்த பச்சையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "வேணும்னே கெடுக்கறவங்க பட்டி பாத்து அடிக்க மாட்டாங்கப்பா. கீழ வாங்க."

போனேன். என்னுடைய எனாமலை அவள் முக்கால்வாசி தேய்த்திருந்தாள், பச்சைக்குள் பச்சையும், என் மஞ்சள் பட்டையும், அடியில் மரமும் அங்கங்கே தெரிந்தன. மறுநாள் காலை அதன்மேல் பசை தடவி, விரலால் தொட்டால் ஒட்டும் ஆனால் இழுக்காது என்கிற பதத்தில் நிறுத்தி, மேலே அவள் புதிதாக வாங்கி வந்த மங்கல் பெயின்டை ஒரே இழுப்பாக அடிக்கச் சொன்னேன். வெயிலில் வைத்தோம். பார்க்கப் பார்க்க வெடித்தது. என் கண் முன்னால், நான் சொல்லி, ஒரு நல்ல பெயின்ட் அக்கு வேறு ஆணி வேறாக வெடித்தது, அதைப் பார்த்து நான் கைதட்டினேன் என்றால் நீ நம்பவேண்டும்.

டாக்டரம்மா வந்தார். கையால் தடவிப் பார்த்தார். "பழசாக்கினதுன்னு தெரியும், இருந்தாலும் எத்தனை தலைமுறை கை பட்ட மாதிரி இருக்கு!" என்றார். உன் அக்கா சட்டென்று, "ரெண்டு தலைமுறைங்க" என்றாள். வரவேற்பறை முழுவதும் உன் மருமகளுக்குத்தான். ராஜினாமா போயாயிற்று. அதைத் தபாலில் போட்டவன் நான், வாசலில் உன் அக்கா வழி விட்டாள்.

சாக்கட்டிப் பெட்டியைக் குப்பைத் தொட்டியிலிருந்து நானேதான் எடுத்தேன். இன்று காலை அடுத்த நாற்காலியைச் சுற்றி வந்தபோது, பின்காலில் ஓரிடம் வெடிக்காமல் வழவழவென்று இருந்தது. வட்டம் போட்டேன். உன் மருமகள் வந்து பார்த்தாள். இதுவரை நான் போட்ட வட்டங்களையெல்லாம் அவள் ஈரத்துணியால்தான் துடைத்திருக்கிறாள். இதை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தாள்.

ஆகவே நான் அங்கே வரவில்லை, ரூமும் வேண்டாம், மூலையும் வேண்டாம். ஆனால் உன் சாப்பாட்டு மேஜையை நினைத்தால் இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் அது எப்படிப் பளபளவென்று நிற்கிறது, வீட்டுக்கு நாலு பேர் வந்தால் என்ன நினைப்பார்கள்? உடனே ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பு.